ஒரே தரைக்கு இரண்டு கூலி

டைல்ஸ்காரரும் அவர் மனைவியின் தம்பியும் ஒன்றாகத்தான் வேலைக்குப் போவார்கள், ஒன்றாகத்தான் திரும்புவார்கள். ஒருவர் கலவையைப் பரப்ப, மற்றவர் டைல்ஸை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டுவார். பேச்சு குறைவு. மைத்துனன் "ம்" என்றால் டைல்ஸ் வெட்டும் கட்டர் வேண்டும் என்று அர்த்தம். கொஞ்சம் இழுத்து "ம்ம்" என்றால் டீ குடிக்கப் போகலாம்.

காண்ட்ராக்டர் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தை எடுத்தபோது எல்லாம் மாறியது. ஒரு திங்கட்கிழமை காலை இவர்கள் போனபோது, வேறு நாட்டிலிருந்து வந்த ஆட்கள் மூன்றாவது மாடியில் ஏற்கெனவே டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பாஷை தெரியாது. ஆனால் கைவேலை படு சுத்தம். கூலி, இவர்கள் வாங்குவதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

காண்ட்ராக்டர் இருவரையும் பிளைவுட் அடித்த தன் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்.

"சுத்தி வளைக்காம சொல்லிடறேன். அந்த ரேட்டுக்கு உங்களுக்குக் கட்டாது, எனக்குத் தெரியும். ஆனா அவங்கள வச்சு வேலை வாங்க ஒரு ஆள் வேணும். வீடு வாங்குனவங்க வந்து கலர் சரியில்ல, மூலை கோணலுன்னு கத்துவாங்க. இவங்க புரியாம சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க. நீங்க மேஸ்திரியா இருங்க. கூலியும் கூட்டித் தரேன்."

"அப்ப இவன்?" என்றார் டைல்ஸ்காரர்.

"அவரு வாயைத் திறந்தா வர்ற பார்ட்டியும் ஓடிடும். வேணும்னா அவங்க ரேட்டுக்கே ஒட்டட்டும்."

அதுவும் பொய்யில்லை. தரை கோணல் என்று சொன்ன ஒரு வாடிக்கையாளரிடம், "தரை சரியாத்தான் இருக்கு, கண்ணை டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க" என்று சொன்னவன் அவன்.

மைத்துனன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "வாங்க மாமா, போலாம்."

டைல்ஸ்காரர் எழுந்தார். கதவு வரைக்கும் போனார். "கொஞ்சம் யோசிக்கலாம் மாப்ள" என்றார்.

"யோசிங்க" என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கிப் போய்விட்டான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி, "அவனைத் தனியா விட்டுட்டா வந்தீங்க?" என்று கேட்டாள்.

"நானும் கூடப் போயிருந்தா ரெண்டு வீட்லயும் அடுப்பு எரியாது."

"அது சரிதான்" என்றாள் அவள். அப்படிச் சொன்னாளே தவிர, அவருக்குச் சோற்றைப் போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மேஸ்திரி வேலை அவருக்குப் பிடித்துப்போனது. அதுதான் அவரை உறுத்தியது. சட்டையில் சிமென்ட் இல்லை, முழங்காலில் வலி இல்லை. டீக்கடையில் யாராவது, "வெளிநாட்டுக்காரனுங்க வந்து நம்ம வயித்துல அடிச்சுட்டானுங்க" என்று ஆரம்பித்தால் தலையாட்டவும் முடியாது, மறுக்கவும் முடியாது. மைத்துனன் பிழைப்பு அவர்களால் போனது. இவருடையது அவர்களால்தான் உயர்ந்தது. டீ ஆறிப்போகும்.

வந்தவர்களில் உயரமான ஒருவன் இருந்தான். எல்லாரும் நெட்டையன் என்று கூப்பிட்டார்கள். அவன்தான் முதலில் பாஷை கற்றுக்கொண்டான். வாடகை, அவசரம், மேஸ்திரி, நாளைக்கு என்று தேவைக்கேற்ற வார்த்தைகளாகப் பொறுக்கிச் சேர்த்தான்.

அடுத்த வருஷம் காண்ட்ராக்டர் இன்னும் தூரத்திலிருந்து, இன்னும் குறைந்த கூலிக்கு வேறு ஆட்களைக் கொண்டுவந்தார். முதலில் வந்தவர்களின் கூலியைப் புது ரேட்டுக்கு இறக்கினார். நெட்டையன் மேஸ்திரியிடம் வந்து நின்றான்.

"மேஸ்திரி, புது ஆளுங்க வந்து ரேட்டைக் கெடுத்துட்டாங்க. இது நியாயமா?"

கேலி செய்கிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தார். இல்லை. கண் கலங்கியிருந்தது.

அவர் நேராக காண்ட்ராக்டரிடம் போனார். "ஒரே தரை, ஒரே வேலை. கூலி மட்டும் ஏன் ஆளுக்கொண்ணு?"

"நான் குறைக்கலன்னா பக்கத்துக் காண்ட்ராக்டர் குறைச்சு வேலையைத் தூக்கிட்டுப் போயிடுவான். உங்க கூலியில கை வைக்கலையே? அப்புறம் என்ன?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நெட்டையனைக் கூட்டிக்கொண்டு மைத்துனன் வீட்டுக்குப் போனார்.

மைத்துனன் இப்போது பழைய வீடுகளில் பாத்ரூம் ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். பெரிய காண்ட்ராக்டர்கள் சீண்டாத சில்லறை வேலை. வேலை நிறைய இருந்தது, கூட ஆள்தான் இல்லை. இருவரையும் பார்த்ததும் வாசலிலேயே நின்றான்.

"என்னை வெளியே தள்ளினவனையே என் வீட்டுக்குக் கூட்டிட்டு வரீங்களா?"

"கூட வச்சுக்கோ. வர்றதுல பாதிப் பாதி. குறைச்சுக் குடுக்காத. குடுத்தா நாளைக்கு அவன் தனியா குறைச்சு ஒட்டுவான், அடி உனக்குத்தான்."

மைத்துனன் யோசித்தான். பிறகு நெட்டையனிடம் கரணையை நீட்டி, கொல்லையில் உடைந்துகிடந்த துணி துவைக்கும் இடத்தைக் காட்டினான். நெட்டையன் குந்தி உட்கார்ந்து கலவை பரப்பி ஒரு டைல்ஸை வைத்தான். மைத்துனன் குனிந்து விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தான்.

"நாளைக்கு வா. ஆனா வீட்டுக்காரங்ககிட்ட நீதான் பேசணும். எனக்கு ஆகாது."

"நானா? எனக்குப் பாதிப் பேச்சுதான் வரும்" என்றான் நெட்டையன்.

"அது போதும். எனக்கு முழுசா வந்துதான் கெட்டுப்போச்சு."

மூவருமே சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில் டைல்ஸ்காரர், "ஒருநாள் வீட்டுக்கு வாயேன் மாப்ள. உங்கக்கா பாக்கணும்ங்கிறா" என்றார்.

மைத்துனன் முகம் மூடிக்கொண்டது. "அக்காவை இங்க வரச் சொல்லுங்க."

"அவன் மேலயே கோவமில்ல. என் மேல மட்டும் என்னடா?"

"அவனுக்கு என்னைத் தெரியாது மாமா. வயித்துக்காக வந்தான், ஒட்டினான். உங்களுக்கு என்னைத் தெரியும்."

அவர் மேஸ்திரியாகவே இருந்தார். வேலையை விடவில்லை, விட்டால் யாருக்கு என்ன லாபம் என்று தனக்குத் தானே கேட்டுக்கொள்வார். மனைவி மட்டும் அவ்வப்போது தம்பி வீட்டுக்குப் போய்வந்தாள். தம்பிக்கும் நெட்டையனுக்கும் வேலைக்குக் குறைவில்லை, இரண்டாவதாக ஒரு கட்டர் வாங்கியிருக்கிறார்கள் என்று ஒருமுறை வந்து சொன்னாள்.

"என்னைப் பத்திக் கேட்டானா?"

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"நெட்டையன் கேட்டான்" என்றாள்.