ஃபலாகேயை அழைத்துப்போக வந்தவன்

மின் நிலையத்தின் பம்பு அறை வாசலில் காதடைப்பை நீட்டிய மேற்பார்வையாளர் மசெச்சாபா, லிந்தானியின் கையிலிருந்த காட்டிலந்தைக் கிளையைப் பார்த்தாள். வெளிப் பொருள் எதையும் உள்ளே விடக் கூடாது என்று தினமும் சொல்கிறவள் அவள்தான். இன்று சொல்லவில்லை.

அண்ணன் ஃபலாகேயின் உடல் முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டது. ஆளைக் கூட்டிப்போகத்தான் லிந்தானி வந்திருந்தான். அவர்கள் வழக்கப்படி, உயிர் பிரிந்த இடத்துக்குப் போய், கிளையைத் தரையில் வைத்துக் கூப்பிட்டால் ஆவி அதில் ஏறிக்கொண்டு கூடவே வரும்.

"கொஞ்ச நேரம் மெஷினை நிறுத்த முடியுமாக்கா? நான் கூப்பிடறது அவருக்குக் கேக்கணும்."

"பக்கத்து பம்பு ஓடினா இதை நிறுத்தியிருப்பேன் தம்பி. அதைப் பிரிச்சுப் போட்டிருக்கு. பேரிங்ல அதிர்வு ஏறிக்கிட்டே போகுது, உடையறதுக்குள்ள பிரிச்சுடுங்கன்னு உங்க அண்ணன்தான் எழுதிக் குடுத்தாரு. பிரிச்சுப் பாத்தா அவர் சொன்னபடியே இருந்துச்சு. இதையும் நிறுத்திட்டா பாய்லருக்குத் தண்ணி போகாது. பாதி ஊர்ல கரண்ட் இருக்காது."

"அப்ப நிறுத்த விடாம பண்ணினதே அவர்தான்னு சொல்லுங்க."

மசெச்சாபா சிரித்துவிட்டாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அனல்மின் நிலையத்தில் சுழல்கிற ஒவ்வொன்றிலும் கருவியை ஒட்டவைத்து அதிர்வை அளப்பது ஃபலாகேயின் வேலை. தனியாள் வேலை. ஒரு பம்பைப் பிரித்த பிறகு, மிச்சமிருந்த இந்த ஒன்றைத் தினமும் வந்து பார்த்திருக்கிறான். வியாழக்கிழமை இதன் பீடத்தில் சாய்ந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

"ஆள் நடமாட்டம் இல்லாத இடமாக்கா?"

"ரெண்டு மூணு பேர் தாண்டிப் போயிருக்காங்க." அவள் குனிந்து கையுறையைச் சரிசெய்தாள். "கருவி மடியில இருந்துச்சு. அளந்துக்கிட்டிருக்காருன்னு நெனச்சுட்டாங்க."

உள்ளே இரைச்சலின் அதிர்வு தரைவழியாக முழங்கால்வரை ஏறியது. அவள் இடத்தைக் கைகாட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். லிந்தானி காதடைப்பைக் கழற்றினான். அவள் தடுக்கவில்லை. எண்ணெய் படிந்த சிமென்ட் தரையில் கிளையை வைத்து மண்டியிட்டான்.

"ஜோபே," என்று குலப்பெயர் சொல்லி அழைத்தான். "நான் லிந்தானி. வீட்டுக்குப் போகலாம், வா."

தன் குரல் தனக்கே கேட்கவில்லை. கத்தினான். அப்போதும் கேட்கவில்லை.

யாருக்கும் கேட்காது என்று ஆனதும், சொல்ல வேண்டாதவையும் வந்தன. "அம்மா உன் தட்டைக் கழுவி வெச்சுக்கிட்டே இருந்தாண்ணே, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும். பராமரிப்பு வேலை, லீவு இல்லைன்னே. நாங்களும் சரின்னு விட்டுட்டோம்." மூச்சு வாங்கியது. "வலிச்சுதாண்ணே? யாரையாவது கூப்பிட்டியா?"

பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அவன் தொண்டை கிழிய அழுதான். நாலடி தள்ளி நின்ற மசெச்சாபா அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளையை எடுத்த பிறகு வீடு சேரும்வரை அண்ணனைத் தவிர யாரோடும் பேசக் கூடாது. அவளிடம் தலையசைத்து விடைபெற்றான். வேன் நிறுத்தத்தில் டிரைவரிடம் இரண்டு விரல் காட்டினான். டிரைவர் கிளையைப் பார்த்ததும் பாட்டை அணைத்தான்.

ஜன்னலோர இருக்கையில் கிளையை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தான். வழியில் ஏறிய ஒரு பெண் தக்காளிப் பையை அந்த இருக்கையில் வைக்கப்போனாள்.

"அக்கா, அங்க ஆள் இருக்காரு!" என்றான் டிரைவர்.

அவள் பையை வெடுக்கென்று தூக்கினாள். "கவனிக்கலைப்பா, மன்னிச்சுக்குங்க," என்றாள் இருக்கையைப் பார்த்து. பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

பாலம் வந்தது. "அண்ணே, ஆத்தைத் தாண்டறோம்," என்றான் லிந்தானி. வேனில் எல்லோருக்கும் கேட்டது. யாரும் திரும்பவில்லை.

மலைப்பாதையில் வண்டி வளைந்தபோது வெயில் ஜன்னல் பக்கம் வந்தது. அவன் எட்டித் திரையை இழுத்துவிட்டான்.