இருபது வருஷம் பிந்திய தண்ணீர்

படகுத்துறையைத் தூர்வாரி முடித்த வாரத்திலிருந்து, அங்கே தண்ணீரில் இருபது வருஷத்துக்கு முந்தைய ஊர் தெரிய ஆரம்பித்தது. முதலில் கவனித்தவர், சுற்றுலா வருபவர்களைப் படம் எடுத்துப் பிழைக்கும் போட்டோக்காரர். புதுமணத் தம்பதி ஒன்றைக் கம்பித் தடுப்பில் சாய்ந்து நிற்கச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தால், தண்ணீரில் தம்பதியைக் காணோம். எப்போதோ இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்ட சினிமாக் கொட்டகை தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மதியக் காட்சிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். டிக்கெட் வரிசையில் அவரே நின்றுகொண்டிருந்தார். "முடி நல்லாத்தான் இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. வானம் வெளுத்திருக்கும் நாளில் தண்ணீருக்குள் மேகம் கறுத்துக் கிடக்கும். துணி காயப்போடுகிறவர்கள் எந்த வானத்தை நம்புவது என்று கொஞ்ச காலம் திண்டாடினார்கள். அப்போது இருந்த, இப்போது இல்லாத ஒரு படித்துறையை நம்பி, படகோட்டி ஒருவர் படகைக் கொண்டுபோய்ச் சேற்றில் சொருகினார். அப்புறம் சனம் வர ஆரம்பித்தது. கலங்கரை விளக்கத்தை அண்ணாந்து பார்க்க வந்தவர்கள் இப்போது துறையில் குனிந்து நின்றார்கள். டீக்கடைக்காரர் மேசைகளைத் தண்ணீர் ஓரத்துக்கு இழுத்துப் போட்டார். ஐஸ்கிரீம் வண்டிக்காரர் தொலைநோக்கிகளை வாடகைக்கு விட்டார். கண்ணீரும் கம்பலையுமாக நிற்பவர்கள் பெருகிப்போனதால் நகராட்சி ஒரு பலகை வைத்தது: 'தண்ணீரில் தெரிபவர்களைக் கூப்பிட வேண்டாம். அவர்களுக்குக் கேட்காது.'

இதையெல்லாம் எட்டிக்கூடப் பார்க்காதவர் ஒருவர் உண்டென்றால் அது லாட்ஜ்கார அக்காதான். அவருடைய மாடி லாட்ஜ் துறைக்கு நேர் எதிரே இருந்தது. தண்ணீர் பார்த்த அறைகளுக்கு ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். அக்காவோ தான் புழங்கும் சமையலறைச் சன்னலுக்குக் கனத்த திரை போட்டுவிட்டார். யாராவது கூப்பிட்டால், "பழசக் கிளறுனா புழுதான் வரும். எனக்கு வேலை கெடக்கு" என்பார். உண்மையில் அவருக்குப் பயம். தண்ணீருக்குள் அந்தக் காலத்து நாட்கள் ஒன்று தவறாமல் வரிசையாக வந்துகொண்டிருந்தன. தம்பி போன அந்த நாளும் ஒருநாள் வந்துதானே ஆகவேண்டும்?

லாட்ஜை அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் நடத்தினார்கள். அவர் சமைப்பார், கணக்குப் பார்ப்பார். தம்பி படகில் வருகிறவர்களின் பெட்டியைத் தூக்கிக்கொண்டே பேசிப் பேசி அழைத்து வந்துவிடுவான். அம்மா செத்து ஒரு மாதம் ஆகியிருக்காது, கூட்டம் அதிகமென்று அம்மா படுத்திருந்த அறையை அக்கா யாருக்கோ திறந்துவிட்டார். வெளியே போயிருந்த தம்பி வந்து பார்த்தபோது, அம்மாவின் கட்டிலில் முன்பின் தெரியாத ஒருவர் காலாட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாய்ச்சண்டை முற்றி, "வாடகை தர்றவங்களுக்குத்தான் இங்க எடம்" என்று அக்கா சொல்லிவிட்டார். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார், ஆனால் சொல் வாசலைத் தாண்டிவிட்டது. தம்பி தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினான். திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான் என்றுதான் அக்கா இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லி வந்தார். சொல்லிச் சொல்லி, அந்தக் கோபத்தில்தான் அவருக்கு வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நாள் ஒரு காலை வேளையில் வந்து சேர்ந்தது. டீக்கடைக்காரர் தம்பியின் கூட்டாளி. சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போடாமல் ஓடிவந்தார்.

"அக்கா, உங்க தம்பி தண்ணில உக்காந்திருக்கான். வந்து பாருங்க."

"போனவன் போனவன்தான். போயி உன் கடையப் பாரு."

"போகலக்கா. ஒரு படகு வந்துட்டுப் போயிருச்சு, ஏறல. இங்கயே பாத்துட்டு உக்காந்திருக்கான்."

அக்கா கரண்டியைக் கையில் பிடித்தபடியே வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. தண்ணீருக்குள் தம்பி பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான், மீசை கருகருவென்றிருந்த முகம். அவன் பார்வை லாட்ஜின் சமையலறைச் சன்னலிலேயே இருந்தது. இன்னொரு படகு வந்தது, அதையும் விட்டான். எழுந்து நான்கு எட்டு லாட்ஜைப் பார்த்து நடந்தான், பிறகு என்ன நினைத்தானோ, நின்றுவிட்டான். அப்போது சன்னலில் ஒரு கை நீண்டது. வளையல் போட்ட, இளசான, அக்காவின் கை. அது கதவை இழுத்துப் படாரென்று சாத்தியது. சத்தம் கேட்கவில்லை, ஆனால் தம்பியின் முகத்தில் அது விழுந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

"அவன் நம்பர் இருக்கா உன்கிட்ட?" என்றார் அக்கா. டீக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டே போனை நீட்டினார். இத்தனை வருஷமும் அவர் தம்பியோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மறுமுனையில் அச்சு இயந்திரம் ஓடும் சத்தம்.

"டேய், நான்தான். அந்தப் படகுல ஏறாதடா."

இயந்திரம் நின்றது. "எந்தப் படகுக்கா?" என்றது தடித்துப்போன ஒரு குரல்.

"இப்ப வருதே, அது."

"அதுல ஏறி ரொம்ப வருஷம் ஆச்சேக்கா."

"காத்துல அடுப்பு அணைஞ்சு அணைஞ்சு போச்சுடா. அதுக்குத்தான் சன்னலச் சாத்துனேன். நீ உக்காந்திருந்தது சத்தியமா எனக்குத் தெரியாது."

"கோவத்துல சாத்துறேன்னு நெனச்சேன்கா."

"கோவம் இருந்துச்சுதான். ஆனா சாத்துனது அடுப்புக்காகடா."

தண்ணீருக்குள் தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறினான். நடந்தது நடந்தபடியேதான் நடக்கும், அதில் தண்ணீருக்கு ஓரவஞ்சனை கிடையாது. படகு மறையும்வரை அக்கா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கமும் வைக்கவில்லை.

அடுத்த வாரம் தம்பி வந்து இறங்கினான். தலை நரைத்து, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நடந்தான். அக்கா துறையிலேயே நின்றிருந்தார். கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று கூட்டம் கூடியிருந்தது. அவர்களோ, "இளைச்சுட்ட", "நீயுந்தான்" என்று சொல்லிக்கொண்டதோடு சரி. மனைவியை இழந்தவன், பிள்ளைகள் இல்லை, அச்சக வேலையையும் விட்டுவிட்டு வந்திருந்தான். இனி இங்கேதான் என்பதை அவன் சொல்லவும் இல்லை, அக்கா கேட்கவும் இல்லை.

உள்ளே போகுமுன் தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தான். தண்ணீருக்குள் இளவயது அக்கா மட்டும் மாடியில் தனியாகப் படுக்கை விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தார். நுனியைப் பிடிக்க ஆளில்லாமல் விரிப்பு காற்றில் தரையைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நான் எங்கக்கா?" என்றான்.

"நீ இதுல வர்றதுக்கு இன்னும் இருபது வருஷம் ஆகும்" என்றார் அக்கா. "அதுக்குள்ள சோறு ஆறிரும். வா."