குறைந்தது ஒரு நிலம்

கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடை மாடியில் இருந்த மென்பொருள் கம்பெனியில் சிவரஞ்சனி சண்டை போட்டுத்தான் ஜெயித்தாள். மலைத்தானியச் சங்கம் ஒன்றுக்கு விதைப் பதிவு புரோகிராம் எழுதும் வேலை. விவசாயி தன் நிலங்களின் சர்வே நம்பரைக் கொடுத்தால், அதற்குத் தக்க சாமை விதை ஜீப்பில் வெள்ளிமலைக்கு வரும்.

முதலாளி தமிழழகன் சங்கராபுரத்துப் பெரிய பண்ணைக்காரர் மகன். "மூணு நம்பருக்கு இடம் வுட்டா போதும்மா. அதுக்கு மேல யாருக்கு இருக்கப்போவுது?" என்றார்.

"எங்க மலையில சரிவுல ஒரு துண்டு, ஓடை பக்கம் ஒரு துண்டுன்னு ஏழெட்டு இருக்கும் சார். எத்தனை வந்தாலும் வாங்கிக்கிற மாதிரி புரோகிராம எழுதிடலாம்."

எழுதினாள். ஒரு நம்பர், மூன்று, ஒன்பது என்று கொடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. பெருமை தலைக்கேறிவிட்டது. ஒன்றுமே கொடுக்காவிட்டால்? அதை மட்டும் சோதிக்கவில்லை. எத்தனை வந்தாலும் என்றால் பூஜ்யமும் அதில் சேர்த்தி என்பது கம்ப்யூட்டர் படிக்கும் முதல் வருடப் பிள்ளைக்கே தெரியும். ஆனால் அவள் வளர்ந்த ஊரில் நிலமில்லாத வீடு இல்லை. பாதி வீட்டுக்குப் பட்டாவும் நம்பரும்தான் இல்லை. அவளைப் பெற்ற பெருமாயிக்கும் இல்லை. அதைப் போய் மறந்தாளே பாவி.

வெள்ளிமலை சங்க அலுவலகத்துப் பெண், பெருமாயியின் பதிவில் நம்பர் கேட்ட இடத்தைக் காலியாக விட்டுப் பட்டனைத் தட்டினாள். பதிவு முடிந்தது என்று பெருமாயியின் போனுக்குச் செய்தி வந்துவிட்டது.

"மெசேஜ் வந்துடுச்சு பாப்பா. நீ எழுதுனதாச்சே, தப்பு இன்னா இருக்கப்போவுது," என்றாள் பெருமாயி. அந்த நம்பிக்கையில், விதைக்கென்று எடுத்து வைத்திருந்த பழைய சாமையையும் குத்திப் பொங்கித் தின்றுவிட்டார்கள்.

ஜீப் வந்த அன்று பட்டியலில் பெருமாயி பெயருக்கு நேரே நிலம் பூஜ்யம், விதை பூஜ்யம் என்று இருந்தது. அவளைப் போல அறுபத்தோரு பேர் வெறும் சாக்கோடு திரும்பினார்கள். மண்ணில் ஈரம் காய இன்னும் பத்து நாள்தான் இருந்தது. சங்கம் இன்னொரு முறை பதிவு நடத்த ஒப்புக்கொண்டது.

"முதல் நம்பர் கட்டாயம், மீதி எத்தனை வேணும்னாலும்னு மாத்திடு. ஒண்ணுகூட இல்லாதவங்க உள்ளயே வரக்கூடாது. ரெண்டு நிமிஷ வேலை," என்றார் தமிழழகன்.

"நம்பரே இல்லாதவங்க இன்னா பண்ணுவாங்க சார்?"

"அது சங்கத்துப் பாடு."

தன் சாமர்த்தியத்துக்காக அன்று அத்தனை பேசியவளுக்கு, பெற்றவளுக்காகப் பேச வாய் வரவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம்தான், வேறென்ன. மாற்றினாள். புரோகிராம் கணக்கில் அப்படித்தான் எழுத வேண்டும், குற்றம் சொல்ல இடமில்லை. நம்பர் இல்லாமல் வந்தால் காட்ட ஒரு வரியும் சேர்த்தாள்: குறைந்தது ஒரு நிலமாவது வேண்டும்.

வியாழக்கிழமை பெருமாயி அலுவலகத்திலிருந்தே போன் செய்தாள்.

"காலையிலேர்ந்து நின்னுக்கினு இருக்கேன் பாப்பா. உள்ள வுடமாட்டேங்குது. ஒரு நெலமாவது வேணுமாம்." பின்னால் யாரோ அவளை நகரச் சொன்னார்கள். "நமக்கு நெலமே இல்லன்னு சொல்லுது. அதுக்குத் தெரியாது, சரி. எழுதுனது நீதான, உனக்குமா தெரியல?"