முன் படம், பின் படம்

ஒரு விளம்பரத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லக் கிருஷ்ணப்ரியாவுக்கு நாற்பத்தைந்து விநாடி கொடுத்திருந்தார்கள். அதற்கு மேல் யோசித்தால் திரையின் மூலையில் இருக்கும் எண் சிவப்பாகிவிடும். ஒரு கிளிக்குக்கு இவ்வளவு என்று பணம் கட்டி இணையத்தில் விளம்பரம் போடுகிறவர்களின் தமிழையெல்லாம், மராத்தி பேசும் ஊரான ஹிஞ்சவாடியில் ஏழாவது மாடியில் உட்கார்ந்து அவள்தான் படித்தாக வேண்டும். மூட்டுவலித் தைலம், ஒரே மாதத்தில் ஆங்கிலம், ஜாமீன் இல்லாத கடன். மூன்று வருஷமாகப் படித்ததில், ஜனங்கள் பொய் சொல்கிறார்களே என்ற கோபமெல்லாம் அவளுக்குப் போய்விட்டது. எந்தப் பொய்க்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்பது மட்டும்தான் கவலை.

செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு ஒரு கூந்தல் தைலம் வந்தது. இரண்டு தடவை இயந்திரமே நிராகரித்து, மறுபடி பார்க்கச் சொல்லி விளம்பரம் கொடுத்தவர் விண்ணப்பித்திருந்தார். 'முப்பதே நாளில்!' என்று தலைப்பு. 'முன்' என்று போட்ட படத்தில் ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்க்கிறாள். தலையில் பிளாஸ்டிக் கிளிப். அதற்குள் தாராளமாக அடங்குகிற அளவுக்குத்தான் முடி. 'பின்' என்பதில் பட்டுப்புடவை, நெற்றிச்சுட்டி, இடுப்பைத் தாண்டித் தொங்கும் ஜடை. கீழே 'திருமதி நீலா, ஆகுர்டி' என்று பெயர்.

இரண்டு படத்திலும் இருந்தது கிருஷ்ணப்ரியா. 'பின்' ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் நடந்த அவளுடைய கல்யாணத்தில் எடுத்தது. 'முன்' போன ஞாயிற்றுக்கிழமை எடுத்தது போலிருக்கிறது. எடுத்தது அவளுக்கே தெரியாது.

விளம்பரம் கொடுத்தவர் அவள் கணவன் கோகுல்நாத். மார்ச் மாதம் சாஃப்ட்வேர் வேலை போனதும், கையில் வந்த பணத்தையெல்லாம் இந்தத் தைல வியாபாரத்தில் கொட்டியிருந்தான். கடை கிடையாது. இந்த விளம்பரக் கணக்கு ஒன்றுதான் அவனுக்குக் கடை, வாசல், போர்டு எல்லாம். ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பேசமாட்டேன் என்று கிருஷ்ணப்ரியா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். அதனால் அவள் ஏதோ டேட்டா வேலை பார்ப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். "எவனோ கண்ணு தெரியாதவன உக்கார வெச்சிருக்கானுக" என்று அவன் சாப்பாட்டில் கை வைத்தபடி திட்டும்போது, அவள் ரசம் ஊற்றுவாள்.

தெரிந்தவர்களின் விளம்பரம் வந்தால் டீம் லீடருக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. தள்ளினால் சுனில் பார்ப்பான். பாத்திரம் கழுவும் அந்த மூஞ்சியையும் பார்ப்பான். அவளுக்கு மானம் போனது. கணவன் பொய் சொன்னதுகூடப் பெரிதாக வலிக்கவில்லை. சமையலறையில் அவளைப் பார்த்த மாத்திரத்தில் 'முன்' கிடைத்துவிட்டது என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறதே, அதுதான் வலித்தது. எண் சிவப்பானது. தள்ளிவிட்டாள்.

சுனில் ஐந்து நிமிஷத்தில் மடிக்கணினியோடு வந்தான். பக்கத்துத் தாபோடியில் பிறந்து வளர்ந்த தமிழன். பேசுவான், படிக்கத் தெரியாது.

"ப்ரியா மேடம், முன்ல இருக்கறது நீங்க. அது பக்கா தெரியுது" என்றான். "பின்ல இருக்கற லேடி யாரு?"

அவள் திரையில் தொங்கிய ஜடையைப் பார்த்தாள்.

"வேற ஆளுன்னா மோசடி, அக்கவுன்ட்டே பந்த், மூடிருவாங்க. மறுபடி திறக்க முடியாது. ஒரே ஆளுன்னா இந்த ஆட் மட்டும் போகும், பஸ், அவ்வளவுதான். அதுக்குத்தான் கேக்கறேன்."

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோகுல்நாத்துக்கு அது வேண்டியதுதான் என்றும் அவளுக்குப் பட்டது. சொல்லிவிட நாக்கு துறுதுறுத்தது என்பதை மறைப்பானேன்.

"அதுவும் நான்தான்" என்றாள்.

சுனில் படத்தைப் பெரிதாக்கினான். படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். அவனுக்கு விநாடிக் கணக்கு கிடையாது போலும். பக்கத்து நாற்காலிக்காரி எட்டிப் பார்க்கிற வரைக்கும் பார்த்தான்.

"முடி?"

"முடி ஒப்பணக்கார வீதில வாங்குன சவுரி. முகம் என்னோடது."

"நீங்க சொன்னா டீக் ஹை, மேடம்" என்று சொல்லி, டிக் அடித்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கோகுல்நாத் எழுந்தே நின்றுவிட்டான். "ஆட் போச்சு, ஆனா அக்கவுன்ட் தப்பிச்சிருச்சு ப்ரியா. ரெண்டும் ஒரே ஆளுன்னு பாத்த ஒடனே கண்டுபுடிச்சிருக்கான். கண்ணுள்ளவனும் அங்க ஒருத்தன் இருக்கான்."

"என்ன படமுங்க?" என்றாள்.

அவன் முகம் தொங்கிப்போனது. போனை நீட்டினான். அவள் முதல் தடவை பார்ப்பது போலவே பார்த்தாள்.

"கேக்காம எடுத்தது தப்புதான்."

"இதை ஏன் 'முன்'னு போட்டீங்க?"

அவன் நிஜமாகவே யோசித்தான். "எதுல முடி ஜாஸ்தின்னு மட்டும்தான் பாத்தேன். வேற வித்தியாசம் ஒண்ணும் எனக்குத் தெரியலியே."

அவன் சொன்னது பொய்யில்லை. பொய்யைத் தரம் பிரித்தே சம்பளம் வாங்குகிறவளுக்கு அது தெரியாதா? ஆனாலும் கோபம் முழுசாகப் போகவில்லை. போக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

"தைலத்தை நெசமாலுமே தேச்சுக்கிட்ட ஆளோட படம்தான் போடணுமாம், மெயில்ல சொல்லியிருக்கான்" என்று அவன் ஒரு பாட்டிலை எடுத்து வந்தான். "முப்பது நாளைக்கு நீ தேச்சுக்கறியா?"

"இதுவரைக்கும் யார் தேச்சிருக்காங்க?"

"நான் தேச்சதில்ல. எனக்கு ஒத்துக்குமோ என்னமோன்னு..."

"மொதல்ல நீங்க தேச்சுக்குங்க" என்று அவள் போனை வாங்கிக்கொண்டாள். "முன் படத்த நான் எடுக்கறேன்."

"இரு, இரு. வழுக்கை தெரியும்."

அவன் பக்கத்து முடியை இழுத்து உச்சிக்குக் கொண்டுவருவதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.