விழுப்புரத்துப் படுக்கையறை

வீட்டுக்குள் நடப்பவர்கள் எங்கும் போய்ச் சேருவதில்லை என்ற கருத்து படித்தவர்களிடையேயும் பரவலாக இருக்கிறது. இது தவறு. தவறு என்பதோடு ஆபத்தானதும்கூட. ஒரு நெடுஞ்சாலையை முப்பத்தேழரை அடி நீளத்துக்கு மடித்து மடித்து வைத்தால் அதற்குக் கூடம் என்று பெயர். மடிப்பை யாரும் பிரித்துப் பார்க்காததால் அது சாலை இல்லை என்று நினைத்துவிடுகிறோம். நில அளவைத் துறையில் முப்பது ஆண்டுகளாக வரைவாளராக இருக்கும் எனக்கே இது 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போதுதான் தெரியவந்தது.

எங்கள் மலையேற்றக் குழுவில் ஐந்து பேர். ஆண்டுக்கு ஒருமுறை கள்ளக்குறிச்சிப் பக்கம் இருக்கும் பெருமுள்ளிமலைக்குப் போய் உச்சியில் நின்று படம் எடுத்துக்கொள்வோம். முதல் படம் 1998இல் எடுத்தது. எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. அதில் இடமிருந்து இரண்டாவதாக நிற்பவன் நான். மணிக்கட்டில் கல்யாணக் காப்பு தெரியும், ஏனென்றால் அது என் திருமணத்தின் நான்காம் நாள். என் தோளில் கை போட்டிருப்பவர் குழுவின் செயலாளர் தேவசகாயம். என் மனைவி பூங்கோதை அந்தப் படத்தை வாரம் ஒருமுறை கழற்றித் துடைப்பாள். அதைப் பற்றி எப்போதும் எதுவும் சொன்னதில்லை. துடைக்கும்போது மற்றப் படங்களைவிடச் சற்று அழுத்தித் துடைப்பாள், அவ்வளவுதான்.

இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் ஒருமுறையும் மலைக்குப் போகத் தவறியதில்லை. ஊரடங்கு வந்ததும், அவரவர் வீட்டிலிருந்தே நடந்துபோய் அடிவாரத்தில் சந்திப்பது என்று தேவசகாயம் முடிவு செய்து தொலைபேசியில் அறிவித்தார். விதிகள் வழக்கமானவைதான். கிளம்பும்போது திசையை மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நாளுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். வழியில் குப்பை போடக் கூடாது. நாய் குரைத்தால் ஓடக் கூடாது.

எங்கள் வீடு சிட்லபாக்கத்தில். படுக்கையறைச் சன்னலிலிருந்து சமையலறை வாசல்வரை நேர்கோடு. நான் அளவு நாடாவால் மூன்று முறை அளந்துவிட்டுத் தெற்கு நோக்கிக் கிளம்பினேன். முதுகுப்பையில் அவல், வேர்க்கடலை, பேரீச்சம்பழம், விசில் ஒன்று. பூங்கோதை சமையலறையில் இருந்தபடி, போய்ட்டு வாங்க என்றாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் சொல்லும் அதே குரலில்தான் சொன்னாள்.

முதல் நாள் மாலை அவள் கொடுத்த காபி வழக்கமான சூட்டில் இருந்தது. மூன்றாம் நாள் நான் செங்கல்பட்டில் இருந்தேன். அவள் இரண்டு எட்டு வைத்து வந்து டம்ளரை நீட்டினாள். காபி ஆறிப்போயிருந்தது. ஐந்தாம் நாள் மதுராந்தகத்தில் அது திரிந்தே வந்தது. மறுநாளிலிருந்து அவள் காபியை விட்டுவிட்டுப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். புளிச்சோறு தூரம் தாங்கும்.

ஒரு நாளைக்கு ஐந்நூற்று இருபத்தைந்து முறை சமையலறை வாசலுக்கு வந்து திரும்பினேன். ஒவ்வொரு முறையும் அவள் இன்னும் இருபத்து மூன்று மீட்டர் தள்ளிப் போயிருந்தாள்.

எட்டாம் நாள் காலை ஏழு மணிக்கு ஓங்கூரைக் கடந்து விழுப்புரம் மாவட்டத்துக்குள் நுழைந்தேன். பத்து மணிக்கு மாவட்ட எல்லைகளை மூடும் உத்தரவு வந்தது. பதினொரு மணிக்கு ஏட்டு மாசிலாமணி ஒரு தடுப்புக் கட்டையுடன் வந்து, அதைச் சமையலறை வாசலில் குறுக்கே போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். இனி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போவதானால், ஒரு டிபன் பாக்ஸானாலும், இ-பாஸ் வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னார். அன்றைய புளிச்சோறு எல்லையிலேயே நின்றுவிட்டது. வீணாக்க வேண்டாம் என்று அவரே சாப்பிட்டார்.

“அம்மா, புளி கொஞ்சம் தூக்கல்” என்றார் உள்ளே பார்த்து.

“அது அவருக்குப் பண்ணினது. உங்களுக்கு நாளைக்குக் கொறைச்சுப் போடுறேன்” என்றாள் பூங்கோதை.

குளியலறை எந்த மாவட்டத்தில் இருந்தது என்று பின்னர் சிலர் கேட்டார்கள். எங்கள் வீட்டில் இரண்டு குளியலறைகள்.

அவள் சமையலறையை ஒட்டிய தையல் அறையில் படுத்துக்கொண்டாள். நான் படுக்கையறையில், அதாவது அந்தந்த நாள் அது எந்த ஊரோ அந்த ஊரில், படுத்துக்கொண்டேன். ஒருவரையொருவர் பார்க்க முடிந்தது. பேசவும் தடையில்லை. பேச்சுக்கு இ-பாஸ் தேவையில்லை என்று மாசிலாமணி மேலிடத்தில் கேட்டுச் சொன்னார். ஆனால் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த காலத்திலும் அதிகம் பேசியதில்லை என்பதால் இதில் மாற்றம் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் மதியம் நான் விழுப்புரத்தை அடைந்தேன். அன்று அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. பூங்கோதை தையல் அறைக் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள். வாயில் வெப்பமானி இருந்தது.

“எத்தனை?” என்று கேட்டேன்.

அவள் அதை எடுத்துப் பார்த்தாள். “நூத்தி ரெண்டு. நீங்க?”

“நூற்று முப்பத்தேழு.”

“நல்லதாப் போச்சு. டாக்டர் போன்ல எல்லாரையும் ஆறடி தள்ளி இருக்கச் சொன்னாரு. நீங்க நூத்தி முப்பத்தேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கீங்க. இந்தத் தெருவுலயே இவ்வளவு கட்டுப்பாடா யாரும் இல்ல.”

சொல்லிவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தண்ணீர்ச் செம்பு அவள் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. என் கைக்கும்தான். கணக்குப் பார்த்தேன். திசையை வடக்கு என்று மாற்றி மனதில் நிறுத்திக்கொண்டு நடந்தால் நான்கு நாளில் ஓங்கூர் எல்லை. அதற்குமேல் பாஸ் இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாது.

மருத்துவக் காரணம் என்று குறித்து விண்ணப்பித்தேன். மறுநாள் காலை பதில் வந்தது. பயணம் தொடங்கும் முகவரியும் முடியும் முகவரியும் ஒன்றே என்பதால் பயணம் தேவையற்றது, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அதில் தர்க்கப் பிழை ஏதும் இல்லை. ஒற்றுப்பிழைகூட இல்லை. விண்ணப்பத்தில் மீதி இருந்த காரணங்கள் இரண்டு. ஒன்று இறப்பு. அந்தக் கட்டத்தின் மேல் விரல் படாமல் போனைச் சற்று நேரம் எட்டப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தேவசகாயம் அழைத்தார். அவர்கள் நால்வரும் உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டிவிட்டதாகவும், எனக்காக அடிவாரத்தில் ஒரு நாள் காத்திருப்பார்கள் என்றும், அதற்குமேல் காத்திருந்தால் அவரது வீட்டுக் கூடத்தில் மழை பிடித்துக்கொள்ளும் என்றும் சொன்னார். நான் பூங்கோதையைப் பற்றிச் சொன்னேன்.

“காய்ச்சல் தானா இறங்கும் கதிரேசன். மலையில நாமதான் ஏறணும்” என்றார்.

அவர் எப்போதும் இப்படி மறுக்க முடியாத வாக்கியங்களைச் சொல்பவர். 1998இலும் ஒன்று சொன்னார். கல்யாணந்தான் ஆயிடுச்சே, இனிமே அது எங்க ஓடிடப் போகுது என்றார். நானும் அதில் பிழை காணாமல் அவர் வண்டியில் ஏறினேன்.

போனை வைத்ததும் மாசிலாமணி தொண்டையைச் செருமினார். அவர் ஒட்டுக்கேட்கவில்லை. இரண்டு மாவட்டங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு பக்கமும் காதில் விழத்தான் செய்யும்.

“சார், கல்யாணம்னு போடுங்க. கல்யாணத்துக்கு யாரும் முகவரி பாக்கிறதில்ல. பத்திரிகை மட்டும் இருந்தாப் போதும்.”

“யாருடைய கல்யாணம்?”

“உங்களுதுதான். ஒண்ணு நடந்திருக்குமில்ல?”

திருமணப் பத்திரிகை படுக்கையறை அலமாரியில், நிலப்பத்திரங்களுக்கு அடியில், விழுப்புரத்திலேயே இருந்தது. மூலைகளில் மஞ்சள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மணமகன் கதிரேசன், மணமகள் பூங்கோதை, இடம் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் அப்போது இருந்த மண்டபம். படம் எடுத்து இணைத்து அனுப்பினேன். பெயர்கள் ஆதாருடன் பொருந்தின. அன்று மாலையே பாஸ் வந்துவிட்டது. பயணிப்பவர் ஒருவர். காரணம், சொந்தத் திருமணம். செல்லுபடியாகும் காலம், 9.9.1998 முதல் ஏழு நாள்.

அந்தத் தேதியில் ஊரடங்கு எதுவும் இல்லாததால் பேருந்துகள் ஓடின. மறுநாள் காலை சன்னலோரம் வந்து நின்ற வண்டியில் நல்ல கூட்டம். திண்டிவனம்வரை நின்றுகொண்டே வந்தேன். முகக்கவசம் அணிந்திருந்ததைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர் பல்வலியா என்று விசாரித்தார். ஆமாம் என்றேன். கிராம்பு வைக்கச் சொன்னார். மாசிலாமணி அப்போது ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபடியால் சமையலறை வாசலில் யாரும் இல்லை. நாற்காலியும் இல்லை. மூன்றரை மணி நேரத்தில் தையல் அறைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பூங்கோதையின் நெற்றியில் கை வைத்தேன். சுட்டது. அவள் கண்ணைத் திறக்காமல் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

“மலை?” என்றாள்.

“போகவில்லை.”

“இன்னும் நாள் இருக்கே” என்றாள்.

செம்பை அவள் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். கஞ்சி வைத்தேன். எனக்குக் கஞ்சி வைக்கத் தெரியாது என்பது அப்போது தெரிந்தது. அவள் படுத்தபடியே தண்ணீரின் அளவைச் சொன்னாள், உப்பின் அளவைச் சொன்னாள், நான் அளவு நாடாவை எடுத்தபோது வேண்டாம் என்றாள். அடுத்த இரண்டு நாளும் காய்ச்சல் ஏறுவதும் சற்று இறங்குவதுமாக இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டவை பெரும்பாலும் கஞ்சியைப் பற்றியவை. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரே பொருளைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதில்லை.

பாஸின் நான்காம் நாள் விடிகாலை ஐந்து மணிக்கு வாசலில் ஹாரன் ஒலித்தது. தேவசகாயத்தின் வண்டிதான். அவரும் மற்ற மூவரும் இளமையாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது. ஒருவன் என் பெயரைச் சொல்லி, மாப்பிள்ளை எழுந்துட்டாரா என்றான். என் முதுகுப்பை கதவருகே தயாராக இருந்தது. அதை நான் அங்கே வைக்கவில்லை.

“கூப்பிடுறாங்க” என்றாள் பூங்கோதை, சுவரைப் பார்த்தபடி.

கஞ்சி அப்போதுதான் கொதி வந்திருந்தது. அந்த நேரத்தில் கிளறாமல் விட்டால் அடிப்பிடித்துவிடும் என்று முந்தின நாள்தான் கற்றுக்கொண்டிருந்தேன். கரண்டியை எடுத்துக் கிளறினேன். ஹாரன் இரண்டாவது முறை ஒலித்தது. கிளறிக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை நீளமாக ஒலித்தது. பிறகு வண்டி கிளம்பிப் போகும் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது.

“அடுப்பக் கொறைங்க” என்றாள் அவள்.

குறைத்தேன். அன்று மாலை காய்ச்சல் இறங்கியது. ஏழாம் நாள் பாஸ் காலாவதியானபோது நாங்கள் இருவரும் ஒரே முகவரியில் 2020இல் இருந்தோம். பயணம் தேவைப்படவில்லை. மாசிலாமணி தடுப்புக் கட்டையை மடித்துக்கொண்டு விடைபெற்றார். அவருக்குப் புளி குறைத்துப் போட்ட சோறு ஒரு டப்பா கட்டிக் கொடுத்தோம்.

மறுவாரம் பூங்கோதை கூடத்துப் படத்தைக் கழற்றித் துடைத்தாள். இந்த முறை அழுத்தவில்லை. அதில் இப்போது நான்கு பேர் இருக்கிறார்கள். இடமிருந்து இரண்டாவது இடத்தில் கொஞ்சம் மேகம் தெரிகிறது. தேவசகாயத்தின் வலது கை, ஒருவர் தோள் உயரத்தில், அந்த மேகத்தின்மேல் நீண்டிருக்கிறது.

அவர் நேற்று தொலைபேசியில் பேசும்போது, வலது தோள்பட்டை இருபத்திரண்டு வருஷமாக விட்டுவிட்டு வலிக்கிறது, எந்த மருத்துவராலும் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார். நான் பூங்கோதையிடம் கேட்டேன். நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்க்கச் சொன்னாள். அப்படியே சொல்லிவிட்டேன்.