கூடு போடாத கை

யதுர்சிகா லக்சனை முதன்முதலில் பார்த்தது மருந்துக்கடையில். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கடையில் அவள் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். வாரத்துக்கு ஒருமுறை ஒருவன் வந்து பிளாஸ்டர் சுருள் கேட்பான். கையில் காயம் இருக்காது. முகத்திலும் ஒன்றும் இருக்காது.

ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"காயம் எங்க?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. கையில் இருந்த ஏதோ வேலையை முடித்துவிட்டு வருகிறவன் போல நின்றான்.

"காயம் வராமல் இருக்கத்தான்," என்றான் பிறகு.

தவில் அடிக்கிறவர்கள் வலக்கை விரல்களுக்குக் கூடு போடுவார்கள். துணியும் பசையும் சேர்த்து இறுக்கிச் செய்த கூடு. லக்சன் அதற்கு மேலே பிளாஸ்டரும் சுற்றினான். இது அவளுக்குத் தெரியவந்தது உயிலங்குளத்தில், அவளுடைய ஊர்ப் பிள்ளையார் கோயில் திருவிழாவில்.

அங்கே ஆளை மட்டுக்கட்டவே அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. மேல்சட்டை இல்லை. கழுத்தில் தடித்த சங்கிலி. நெஞ்சால் வேர்வை ஓடியது. கை எங்கே போய் எங்கே வருகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. சுற்றிவர இளந்தாரிகள் கைபேசிகளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரே தாள அடுக்கை மூன்று தரம் அடித்து, மூன்றாம் தரத்தின் கடைசி அடியில் அவன் வந்து இறங்கியபோது எல்லாத் தலைகளும் ஒன்றாக ஆடின. தன்னுடைய தலையும் ஆடியதை அவள் கொஞ்சம் பிந்தித்தான் உணர்ந்தாள்.

பக்கத்தில் நின்றவன் வங்காலை ஊர் றொகான். கடற்றொழில் செய்கிறவன். கழுத்தில் சிலுவைச் சங்கிலி. லக்சன் எந்தக் கோயிலில் அடித்தாலும் வேன் பிடித்து ஆள் சேர்த்துக்கொண்டு வந்துவிடுவான்.

"பாத்தீங்களே தங்கச்சி," என்றான், முன்பின் தெரியாதவளிடம். "கை நெருப்பு. மூஞ்சையைப் பாருங்கோ, ஐஸ்பெட்டி. மற்றவங்கள் பல்லைக் கடிப்பாங்கள், கண்ணை உருட்டுவாங்கள். சூடு கையில நிக்கோணும். மூஞ்சைக்கு ஏறக்கூடாது. அதுதான் கூல்."

"ஆள் கதைக்கமாட்டாரோ?"

"கதைக்கவே மாட்டார்." றொகானின் குரலில் அப்படியொரு பெருமை. "மூண்டு வருசமாப் பின்னால திரியிறன். ரெண்டுதரம் 'ம்' எண்டவர்."

அது கூல் இல்லை என்பது அவளுக்குப் பிறகு விளங்கியது. அவனுடைய தலைக்குள் எந்நேரமும் ஒரு தாளம் ஓடிக்கொண்டிருந்தது. யாராவது ஏதாவது கேட்டால் அந்தச் சுற்று முடிந்த பிறகுதான் பதில் வரும். "என்னைக் கட்டுவீரோ?" என்று கேட்டவன் அவன்தான். அவள் ஓம் என்றாள். அதற்குப் பிறகும் சுற்று முடியும்வரை பொறுத்திருந்துதான் சிரித்தான்.

வீட்டில் அம்மா சம்மதித்துவிட்டாள். சின்னம்மா இந்திராதேவிதான் பிடி கொடுக்கவில்லை. அந்த வீட்டுக் கலியாணங்களை நடத்தி வைக்கிறவள் அவள்.

"கலியாண வீட்டில மேளகாரர் எங்க இருக்கிறவை? கீழ, பாயில," என்றாள். "இவர் மணவறையில இருந்துகொண்டு கீழயே பாத்துக்கொண்டிருப்பார். ஐயர் கெட்டிமேளம் எண்ட உடன மாப்பிள்ளை எழும்பி ஓடப்போறார், இருந்து பார்."

"ஓடமாட்டார், சின்னம்மா."

"ஓடாட்டியும் கை சும்மா கிடவாது. முதல்நாள் இஞ்ச வந்து வடைத் தட்டில தட்டினவர். நான் பாத்தனான். எங்கட சனம் சிரிக்கும், பிள்ளை."

தட்டியது உண்மைதான். யதுர்சிகாவும் பார்த்திருந்தாள்.

அவள் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. அந்த ஒரு நாள் எல்லாரும் அவனை மாப்பிள்ளையாகப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான். அடுத்த முறை அவன் பிளாஸ்டர் வாங்க வந்தபோது சொன்னாள்.

"அண்டைக்கு ஒரு நாளைக்கு மட்டும் கையை முழங்காலில வைச்சிருங்கோ. தட்டக்கூடாது."

அவன் கண்ணாடி மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கெட்டிமேளத்துக்குமோ?"

"அதுக்குத்தான் சொல்லுறன்."

"சரி," என்றான். "நீர் சொன்னால் சரி."

பிளாஸ்டரை வாங்காமலே போய்விட்டான்.

தங்களுக்குள் ஒருவனுக்குக் கலியாணம் என்றால் மேளகாரர் அழைப்புக்குக் காத்திருப்பதில்லை. அன்று காலை கோயில் மண்டபத்துக்கு ஆறு தவில்கள் வந்து சேர்ந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து செந்தூரன் வந்திருந்தான். லக்சனுக்கு எதிராக உட்கார்ந்து அடிக்கக்கூடியவன் அவன் ஒருவன்தான். இரண்டு பேரும் சேர்ந்தால் கோயில் வீதியில் சனம் கொள்ளாது. வங்காலை வேனும் வந்தது. றொகான் முன்வரிசைக் கதிரைகளைப் பிடித்துவிட்டு, கைபேசியைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டான்.

லக்சன் மணவறையில் தலைப்பாகையோடு இருந்தான். வலக்கை வலது முழங்காலில். இடக்கை இடது முழங்காலில். கூடு போடாத அந்த விரல்களைச் சபையில் யதுர்சிகா அன்றுதான் பார்த்தாள். வெயில் படாமல் வெளுத்து, கழுவி வைத்தவை போல இருந்தன. தன் சேலைத் தலைப்பால் அவற்றை மூடிவிடலாம் போலிருந்தது.

கூறைச் சேலைத் தட்டை அவளிடம் கொடுத்தான். உடுத்திக்கொண்டு வர அவளைச் சின்னம்மா அறைக்குள் கூட்டிப்போனாள். பெண் கூறை மாற்றி வரும்வரை சபை மேளகாரருடையது.

கதவைச் சாத்தியும் எல்லாம் கேட்டது. செந்தூரனின் தவிலை அவளுக்குத் தெரியும். அதன் ஒலி கொஞ்சம் வறண்டது. ஒரு அடுக்கு அடித்தான். சிக்கலானது, நடுவில் ஓரிடத்தில் நொண்டி விழுந்து எழும்புவது. அதே அடுக்கை இன்னொரு தரம் அடித்தான். பிறகு நிறுத்தினான்.

மண்டபம் சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள்.

"என்னடி நிப்பாட்டிப் போட்டாங்கள்?" சின்னம்மாவின் வாயில் ஊசிகள் இருந்தன.

"மூண்டாம் தரத்தை விட்டிருக்கினம். அவர் அடிக்கோணுமாம்."

"ஆர், மாப்பிள்ளையோ?"

கொசுவத்தைப் பிடித்தபடி சின்னம்மா அசையாமல் நின்றாள். இருவரும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

செந்தூரன் மறுபடி தொடங்கினான். ஒருதரம். இரண்டாம் தரம். நிறுத்தினான்.

"வித்துவான், விடாதேங்கோ!" அது றொகான்.

ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள் அவன் முழங்காலில் கை வைத்துக்கொண்டு இருப்பது அவளுக்குக் கதவினூடே தெரிந்தது. சிரிப்புக் குறைந்தது. கதிரை ஒன்று இழுபட்டது. கடைசியில் நாதஸ்வரம் ஏதோ சினிமாப் பாட்டுக்குள் இறங்கியது.

"பறுவாயில்லை," என்றாள் சின்னம்மா, ஊசியைக் குத்தியபடி. "ஆள் இருந்திட்டுது. நீ வெண்டிட்டாய்."

வென்ற மாதிரி இருக்கவில்லை. பல்லிடுக்கில் சிக்கிய நார் போல அந்த மூன்றாம் தரம் அவளுக்குள் கிடந்தது.

"சின்னம்மா, நான் போய்ச் சொல்லட்டே?"

"என்னத்தை?"

"அடிக்கச் சொல்லி."

"கூறையைக் கட்டின கையோட ஓடிப்போய் மாப்பிள்ளையைக் கீழ இறக்கப் போறியோ? எனக்கு உயிர் போயிடும். அசையாமல் நில்லடி!"

அவள் மணவறைக்குத் திரும்பி அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். றொகான் சொன்ன அதே முகம். ஆனால் தலைப்பாகைக்குக் கீழே, காதோரத்தால், ஒரு வேர்வைக் கோடு இறங்கியிருந்தது. அது முன்வரிசைக் கதிரைக்குத் தெரியாது.

"அடிச்சிருக்கலாம்," என்றாள், உதடு அசையாமல்.

அவன் பதில் சொல்ல வழக்கம்போல நேரம் எடுத்தது.

"உமக்குச் சொன்னனான்தானே."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ஐயர் சொன்ன மந்திரங்களில் ஒன்றும் அவளுடைய காதில் ஏறவில்லை.

ஐயர் கையை உயர்த்தினார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

ஆறு தவில்களும் ஒன்றாக எழுந்தன. கெட்டிமேளத்துக்குக் கணக்கில்லை. வேறு எந்தச் சத்தமும் காதில் விழக்கூடாது, அவ்வளவுதான். லக்சன் எழுந்து, தாலிக்கொடியை அவள் கழுத்தைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோனான். பிடரியில் திருகாணி பூட்டவேண்டும். சின்னம்மா பின்னால் வந்து பூச்சரத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

திருகாணி ஏறியதை யதுர்சிகா உணர்ந்தாள். அவன் கையை எடுக்கவில்லை.

பிறகு நான்கு விரல்கள் அவள் பிடரியில் இறங்கின. கூடு இல்லை, பிளாஸ்டர் இல்லை. இளஞ்சூடான, மிருதுவான விரல்நுனிகள். முதல் இரண்டு அடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. செந்தூரன் விட்டுப்போன அடுக்கு. மூன்றாம் தரம். இத்தனை தவில்களின் இரைச்சலுக்குள் அது தன்பாட்டில், அவசரப்படாமல், நொண்டவேண்டிய இடத்தில் நொண்டி, எழும்பி, ஓடியது. உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும் கேட்டது.

இன்னொருத்தி கண்டுவிட்டாள். பூச்சரத்தைப் பிடித்திருந்த சின்னம்மாவின் கை ஒருகணம் அப்படியே நின்றது. பக்கவாட்டில் வீடியோக்காரன் கிட்ட வந்தான். கீழே றொகானின் கைபேசி உயர்ந்தது. சின்னம்மா ஒரு எட்டு நகர்ந்தாள். அவளுடைய பட்டுச்சேலை முதுகு விசாலமானது. அவனுடைய கையும் பெண்ணின் பிடரியும் அதற்குப் பின்னால் போயின.

அடுக்கு முடிவுக்கு வந்தது. கடைசி அடிக்குச் சற்று முன்னால் அவன் விரல்கள் நின்றுவிட்டன. அந்த ஒரு அடியை அவன் அவளுக்கு விட்டிருந்தான்.

அவளுடைய தலை ஆடியது. சரியான இடத்தில்.

"தலையை ஆட்டாதை, பிள்ளை," என்று காதுக்குள் சின்னம்மாவின் குரல் கேட்டது. "பொம்பிளை குனிஞ்சு இருக்கோணும்."

கீழே செந்தூரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருகணம் அவனுடைய இடக்கைக் கம்பு தவிலில் விழாமல் மேலே நின்றது. பிறகு வாய் நிறையச் சிரித்துக்கொண்டு விழுந்து விழுந்து அடிக்கத் தொடங்கினான்.

லக்சன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். வலக்கை வலது முழங்காலில். இடக்கை இடது முழங்காலில்.

மத்தியானப் பந்தி முடிந்து, தாம்பூலமும் போட்டபிறகு றொகான் கைபேசியோடு வந்தான். ஆளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

"கடைசிவரைக்கும் அடிக்கேல்லையே மனிசன். செந்தூரன் எத்தினை தரம் கூப்பிட்டான்!" என்றான். பிறகு, தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறவன் போல, "எண்டாலும் தங்கச்சி, மூஞ்சையைப் பாத்தீங்களே. ஐஸ்பெட்டி. இந்தாங்கோ, எல்லாம் எடுத்து வைச்சிருக்கிறன்."

யதுர்சிகா குனிந்து பார்த்தாள். மணவறை. ஐயரின் உயர்த்திய கை. தவில்களின் இரைச்சல். அதற்குப் பிறகு முழுத்திரையிலும் அரக்குப் பட்டு. மேலே ஒரு கொண்டை.

சின்னம்மாவும் எட்டிப் பார்த்தாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தன்னுடைய முதுகைக் கடைசிவரை பார்த்து முடித்தாள்.

"வடிவா வந்திருக்கு, தம்பி," என்றாள். "எனக்கும் ஒண்டு அனுப்பி விடும்."