பெட்ரோல் டேங்கில் தண்ணீர் புகுந்த வழி

1

இந்தக் கதையை கும்மிடிப்பூண்டி ரயிலில் யாரோ சொல்லக் கேட்டேன் என்று ஆரம்பித்தால் அழகாக இருக்கும். உண்மையில் இது எரிச்சலில் பிறந்தது. மழையில் நின்றுபோன என் வண்டியைத் தள்ளிக்கொண்டு ராயபுரம் பாலத்தில் ஏறினேன். பெட்ரோல் டேங்குக்குள் தண்ணீர். மூடி பூட்டியிருக்கிறது, சாவி என் சட்டைப்பையில். தண்ணீர் எந்த வழியாகப் போயிருக்கும்? எனக்கு வண்டி வேலை தெரியாது. ஏதோ கொஞ்சம் எழுதத் தெரியும். அதனால் வண்டியையும் கேள்வியையும் ஜெரினா என்ற பெண்ணின் தலையில் கட்டிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘எண்ணூர்ப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வர…’

வேண்டாம். மழைக்கதை எழுதுகிற எல்லாரும் வானத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

இரண்டாவது: ‘ஜெரினா வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவள்.’ இது பரவாயில்லை, நீங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவீர்கள். பயப்பட ஒன்றுமில்லை, ரத்தப் பரிசோதனை நிலைய வேலை. ராயபுரத்து வீட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, திருவொற்றியூரில் ஆரம்பித்து வள்ளூர் வரை போவாள். சர்க்கரை பார்க்க வேண்டியவர்கள் வெறும் வயிற்றோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் ஓட்டுவது தன் சம்பளத்தில் வாங்கிய பழைய கியர் வண்டி. இந்த மழைக்காலத்தில் அடிக்கடி நின்றது. கடைசியாக நின்ற அன்று வள்ளூரில் பச்சையம்மா என்ற அம்மாள் பசியில் மயங்கி விழுந்துவிட்டார். (பிழைத்துக்கொண்டார். ஒரு கதைக்காக ஆளைக் கொல்கிற பழக்கம் எனக்கில்லை.) இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்று வேலை செய்யும் இடத்தில் சொல்லிவிட்டார்கள்.

அவள் கணவன் ஜாபருக்குக் காசிமேட்டில் வேலை. ஃபைபர் படகுகளில் ஓட்டை விழுந்தால், காய்ந்ததும் கல்லாக இறுகும் ரெசின் பசையை ஊற்றி அடைப்பான்.

“வித்துப் போடு ஜெரினா. வூட்ல குந்திகினு இரு. இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?”

“வண்டி பூட்டா வேலயும் பூடுங்க. அப்பால வூட்ல குந்திகினு இன்னா பண்ணுவேன்?”

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டாமா? பெட்ரோல் பங்க்காரரைப் பிடித்துப் போடலாம் என்று பார்த்தேன், நீங்களும் கைதட்டியிருப்பீர்கள். ஆனால் ஜெரினா என்னைவிட விவரமானவள். பங்க்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். சிரிஞ்சில் மெல்லிய குழாயைச் செருகி டேங்கின் அடியிலிருந்து உறிஞ்சி, ரத்தம் எடுக்கும் கண்ணாடிக் குழாயில் விட்டு வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே பெட்ரோல், அடியில் தண்ணீர், நடுவில் ஒரு கோடு. எந்தப் பங்க்கில் போட்டாலும் மழை பெய்த பிறகுதான் கோடு வந்தது. வெயில் நாளில் இல்லை.

அப்படியானால் மூடி வழியாகத்தான். மூடியைப் பூட்டி, அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் குளம் கட்டி நின்றது, நகரவேயில்லை. பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது, ஆனால் வண்டிக்கு அடியில் தரை ஈரமாகவில்லை. எங்கே போகிறது? துடைத்துவிட்டு மூடியைத் திறந்தாள். பள்ளத்தின் ஓரத்தில் ஒரு சின்னத் துளை. தேங்கும் மழைநீர் ஒரு குழாய் வழியாகக் கீழே வடிந்துபோக வண்டி செய்தவர்கள் வைத்த துளை. அதில் கெட்டியாக ஏதோ அடைத்திருந்தது. வடிய வழியில்லாத தண்ணீர் மூடியின் இடுக்கு வழியாக டேங்குக்குள் இறங்கியிருக்கிறது. தலைத்துணி ஊசியால் கிளறினாள். நீல ரெசின். காசிமேட்டுப் படகு நீலம்.

4

இங்கே என் பேனா நின்றுவிட்டது. ‘அவள் ரத்தம் உறைந்த…’ சீ, இதெல்லாம் ஒரு வாக்கியமா? ஊசி முனையில் ஒட்டிய நீலத்தை அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஜாபரை நான் நல்லவனாகத்தான் எழுத ஆரம்பித்தேன். மழை வந்தால் தன் தலையை நனைய விட்டு, டேங்குக்குப் பாலிதீன் கட்டுகிறவன். படகில் ஓட்டை என்றால் அது தண்ணீர் உள்ளே வருகிற வழி. அவன் அறிந்த ஓட்டை அது ஒன்றுதான். தண்ணீரை வெளியே அனுப்புவதற்கென்றே ஓர் ஓட்டை இருக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

ஆனால், ‘வூட்ல குந்திகினு இரு’ என்று அவன் சொன்னதையும் நான்தானே எழுதினேன்? வண்டி நின்றால் அவள் வீட்டில் இருப்பாள். இது அவனுக்குத் தெரியும்.

(ஜெரினாவுக்கு இரண்டுமே புரிகிறது. அவன் தெரியாமல் செய்திருந்தால் சிரித்துவிடலாம். தெரிந்தே செய்திருந்தால், இந்த மனிதனுக்கு எதிரில் உட்கார்ந்து இனி எப்படிச் சோறு தின்பது?)

5

ஊசியும் கம்பியுமாக மல்லுக்கட்டி அவளே துளையைத் திறந்தாள். மறுநாள் கொட்டுகிற மழையில் வள்ளூர் வரை போய்வந்தாள். வண்டி ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. வாசலில் அதை நிறுத்தி மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஜாபர் மாடியிலிருந்து இறங்கி வந்தான். எட்டிப் பார்த்தவன் நெற்றியைச் சுருக்கினான்.

“இன்னா ஜெரினா, ஓட்ட மறுபடி தொறந்துகினு கீது? இரு, ரெசின் எடுத்தாறேன்.”

இதோடு முடித்துவிடலாம், அவன் அப்பாவி என்று தீர்ந்துபோகும். ஆனால் நடிப்பவனும் இதையேதான் சொல்வான். அவள் சண்டை போடுவதாக ஒரு முடிவு எழுதினேன், அழுவதாக ஒன்று. ஜெரினா எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் மூடியைப் பூட்டி, சொம்பை அவன் கையில் கொடுத்தாள்.

“ஊத்துங்க.”

“டேங்குமேலயா? இன்னா பைத்தியமா நீ?”

“நா சொல்றேன்ல, ஊத்துங்க.”

ஊற்றினான். பள்ளத்தில் தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றிக் காணாமல் போனது. அடுத்த நொடி என்ஜினுக்கு அடியில், குழாய் வழியாகச் சளசளவென்று தரையில் கொட்டியது. ஜாபர் குனிந்து அதைப் பார்க்கிறான். ஜெரினா தண்ணீரைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்க்கிறாள்.

அந்த முகத்தை நான் எழுதமாட்டேன். நீங்களும் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். கொஞ்சம் குனிந்து பாருங்கள்.